வெனிஸிலும் மதுரையிலும் கியாமத்

உலகம் அழிந்த பிறகு என்ன நிகழும் என்று கேட்கும் நாவல்களும் திரைப்படங்களும் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனி ஆய்வுப் பரப்பாக வளர்ந்துள்ளன. இத்தாலியப் படைப்புக்களை மட்டும் எடுத்துக்கொண்டு இத்துறையில் ஆய்வு செய்வோரும் உளர். இத்தாலி என்றதும் எம்மூர்களில் நினைவுக்கு வருவது வேலைவாய்ப்புத்தான்; ஆயினும் இவ்விடயத்தில் எமக்கும் அந்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்புண்டு.

குயிதோ மொர்செல்லி 1973இல் மறைந்தார். 1977இல் வெளிவந்த அவரது நாவலில், தற்கொலை எண்ணத்துடன் குகைக்குள் சென்ற ஒருவன் மனம் மாறி வெளியே வருகிறான். மனிதர் அனைவரும் மறைந்துவிட்டிருக்கின்றனர். ரோமில் படமாக்கப்பட்டு 1964இல் வெளிவந்த 'பூமியின் கடைசி மனிதன்' திரைப்படத்திலும் கொள்ளைநோய்க்குப் பின் ஒருவன் தனித்து வாழ்கிறான். அழிவைப் பார்க்க எப்போதும் ஒருவன் எஞ்சுகிறான்.

எமது மரபில் அப்படி எவரும் எஞ்சுவதில்லை. சூர் ஊதப்பட்டதும் அனைவரும் மடிவர். பின்னர் அனைவரும் எழுப்பப்படுவர். இறுதியில் மரணமே ஆட்டுக்கடா உருவில் கொண்டுவரப்பட்டு அறுக்கப்படும் என்கிறது ஹதீஸ். அங்கே தனிமை அச்சமில்லை, கேள்வி கணக்குத்தான் அச்சம். இவ்வேறுபாடு இலக்கிய ஆய்வுக்கு உரியது என்பது என் துணிபு.

இதற்குரிய தமிழ் நூல் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. 1572இல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) படைப்பு, சுவர்க்கம், நரகம், இறுதிநாள் பற்றி நபிகளாரிடம் (ஸல்) வினவி, விடைபெற்று இஸ்லாத்தைத் தழுவுவதே அதன் பொருள். இதே வினாவிடைக் கதை 1143இல் ஸ்பெயினில் லத்தீனாக்கப்பட்டது. 1547இல் வெனிஸில் அச்சான இத்தாலியக் குர்ஆன் நூலிலும் சேர்க்கப்பட்டது. அதாவது மதுரை அரங்கேற்றத்துக்கு 25 ஆண்டுகள் முன்னரே இத்தாலியர் இக்கேள்விகளை வாசித்துவிட்டனர். அவர்கள் வாசித்தது இஸ்லாத்தை மறுப்பதற்காக எழுந்த மொழிபெயர்ப்பு. எம்மவர் கேட்டது ஈமானுக்காகப் பாடப்பட்டது.

இத்தகைய நூல்களை ஆராய்வதை வாழ்நாள் தொழிலாக்கியவர் பாணந்துறை தந்த மர்ஹூம் பேராசிரியர் ம. மு. உவைஸ். அவரது முதுமாணி ஆய்வை 1953இல் நூலாக வெளியிட்டது, மாத்தளையிலிருந்து அதிக தூரமில்லாத கல்ஹின்னையின் தமிழ் மன்றம். ஒரு கிராமத்து மன்றம் செய்த வேலை அது! பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகி, அஜ்மல்கானுடன் சேர்ந்து வரலாற்றுத் தொகுதிகளை எழுதினார். 1996இல் காலமானார். எமக்கும் இலக்கியம் உண்டு என்பதை நிறுவுவதே அன்று முதற்பணியாக இருந்தது. அதில் குறைகாண இடமில்லை.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ரொனிட் ரிச்சி. 'ஆயிரம் மசலா'வைத் தமிழ், மலாய், ஜாவா வடிவங்களில் ஒப்பிட்ட அவரது நூல் 2011இல் வந்தது. பேராதனையில் தமிழ் பயிலும் எம் பிள்ளை ஒருவர் இத்தாலியும் கற்று, வெனிஸ் பிரதியையும் மதுரைப் பிரதியையும் வினாவுக்கு வினா ஒப்பிட்டால் ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான பொருள் அங்கே கிடக்கிறது.