சோயா எண்ணெயும் தீப்பற்றாத கரைப்பானும்

கரைப்பான் முறை எண்ணெய்ப் பிரிப்பு என்பது வித்தைப் பிழியாமல், எண்ணெயைக் கரைக்கும் நீர்மம் ஒன்றால் கழுவி எடுப்பதாகும். சோயா அவரையை உடைத்து, அவல் போல் தட்டையாக்கிக் கரைப்பானில் நனைப்பர். எண்ணெய் கலந்த கரைப்பானைச் சூடாக்கினால் கரைப்பான் ஆவியாகிப் போக, எண்ணெய் எஞ்சும். ஆவியைக் குளிர்வித்து மறுபடியும் பயன்படுத்தலாம். எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். சோயாவிலோ ஐந்தில் ஒரு பங்குதான். பிழிந்தால் அதிலும் ஒரு பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். கரைப்பான் முறையில் தங்குவது ஒரு விழுக்காடு அளவே. எனவே சோயாவுக்கு இம்முறை மிகவும் ஏற்றதாயிற்று.

1930களில் ஜெர்மானிய இயந்திரங்களுடன் சிகாகோவில் பெரிய ஆலைகள் எழுந்தன. அவற்றில் பயன்பட்ட கரைப்பான் ஹெக்சேன். பெட்ரோலியத்திலிருந்து மலிவாகக் கிடைப்பது. ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் கொதிப்பது. ஆனால் அதன் ஆவி காற்றுடன் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். 1935 அக்டோபர் 7 அன்று கிளிடன் நிறுவனத்தின் சிகாகோ சோயா ஆலை வெடித்துச் சிதறியது. 11 பேர் மாண்டனர்.

எளிதில் தீப்பற்றாத டிரைக்குளோரோஎத்திலீன் இதற்கு மாற்றாகத் தோன்றியது. இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட நீர்மம் அது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் சிறிய ஆலைகள் சில அதை ஏற்றன.

அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாடுகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. எலும்பு மச்சை இரத்த அணுக்களை உருவாக்கும் திறனை இழந்திருந்தது. இது புதிய நோயன்று. ஸ்காட்லாந்தில் இதே வகைப் பிண்ணாக்கால் மாடுகள் இறந்ததை ஸ்டூவர்ட் ஸ்டாக்மேன் 1916இலேயே எழுதியிருந்தார். 1920களில் ஜெர்மனியில் பரவியபோது அதற்கு 'டியூரன் நோய்' என்று பெயரே இருந்தது. அச்சில் இருந்த எச்சரிக்கைக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிண்ணாக்கில் எஞ்சிய கரைப்பானே நஞ்சு என்றால், நன்றாகச் சூடாக்கி அதைப் போக்கிவிடலாம். உண்மை வேறாக இருந்தது. கரைப்பான் சோயாப் புரதத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் வினைபுரிந்து புதியதொரு நச்சுப்பொருளை உண்டாக்கியிருந்தது. ஆவியாக்கினாலும் அது போகாது. 1950களின் பிற்பகுதியில்தான் இது தெளிவாயிற்று. அதற்குள் இவ்வகைப் பிண்ணாக்கு தீவனச் சந்தையிலிருந்து நீங்கிவிட்டது.

ஆலைகள் ஹெக்சேனையே நம்பின. இன்றும் கரைப்பான் கூடம் மற்றக் கட்டடங்களிலிருந்து விலக்கித் தனியே கட்டப்படுகிறது. தீப்பொறி வெளிப்படாத மின்கருவிகளே அங்கு பொருத்தப்படுகின்றன.