கோட்டை வாசலிலிருந்து களப்புக் கரை வரை: இடித்த கல் போன வழி

திருகோணமலைக் கோட்டை வாசலால் ஒருமுறையாவது போகாதவர்கள் நம் மாவட்டத்தில் குறைவு. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், மான் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், சுற்றுலா என்று பஸ் நிறைய மாணவர்களை ஏற்றிப் போகிற எங்களைப் போன்ற ஆசிரியர்கள், எல்லாருக்கும் அந்த ஒரே வாசல்தான். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் நின்று வாசல் கல்லைப் பாருங்கள். இரட்டை மீன் செதுக்கியிருக்கும். கூடவே சிதைந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கும். போர்த்துக்கீசர் கட்டிய கோட்டைக்குப் பாண்டியரின் மீன் எங்கிருந்து வந்தது?

கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. பரீட்சையில் ஆண்டைக் கேட்பார்கள், தளபதியின் பெயரைக் கேட்பார்கள். இடித்த கல்லை எப்படி அப்புறப்படுத்தினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. வீடு திருத்திய எவருக்கும் தெரியும், இடிப்பது ஒரு நாள் வேலை. இடித்ததை அள்ளி முடிப்பதுதான் பெரும்பாடு.

1620களின் தொடக்கத்தில் கொன்ஸ்தந்தீனோ டி சா என்ற போர்த்துக்கீசத் தளபதியின் ஆட்கள் கோணேசர் கோயிலைத் தகர்த்தார்கள். அங்கே இருந்தது ஒரு கோயில் அல்ல. மலை ஏறும் இடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் பெரியது ஒன்று என மூன்று இருந்ததாகக் குவைறோஸ் பாதிரியார் பின்னாளில் எழுதி வைத்தார். கோட்டை எழுந்தது 1624 அளவில்.

ஒரு மேசனாரின் கண்ணால் இதைப் பாருங்கள். கருங்கல்லைப் பாறையிலிருந்து பிளந்து, சதுரமாகக் கொத்தி, ஏற்றி இறக்குவதற்கு எத்தனை ஆள், எத்தனை மாதம்! அவ்வளவும் செய்து முடித்த கல் ஏற்கெனவே மலையில் அடுக்கி இருக்கிறது. கடலால் வந்து அவசரமாக மதில் கட்ட நிற்கிற படைக்கு அது ஆயத்தமான கல்லுடைப்பு. இடிப்பும் துப்புரவும் கட்டுமானமும் ஒரே வேலையாகிவிட்டன. மதிலுக்குத் தேவைப்படாத கல்லுக்குக் கீழேயே கடல் இருந்தது. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடிவாரத்தில் சுழியோடிப் பார்த்தபோது செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் கடலடியில் கிடந்தன. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1950 இல், நகருக்குள் கிணறு தோண்டியபோது வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. இடிபாட்டில் ஒரு பங்கு மதிலாயிற்று, ஒரு பங்கு கடலுக்குள் போயிற்று. யாரோ காப்பாற்ற நினைத்த ஒரு பங்கு மண்ணுக்குள் காத்திருந்தது.

கல்லின் பயணம் அதோடும் முடியவில்லை. 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு அது தகர்க்கப்பட்டது. 1665 இல் அவர்களே திரும்பி வந்து கட்டினார்கள். 1795 இல் ஆங்கிலேயர் எடுத்து, 1803 இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கொடி மாறிக்கொண்டே இருந்தது. கல் அதே கல்.

இப்போது திரியாய்க்கு வருவோம். இங்கே மலையில் இருக்கும் வட்டதாகேயின் தூண்கள் கோணேசர் கோயில் இடிபடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில், வணிகர்களின் பெயரோடு ஒரு கல்வெட்டும் இருக்கிறது. கூரை எப்போதோ போய்விட்டது, தூண்கள் வட்டம் வட்டமாக இன்னும் நிற்கின்றன. இவற்றை ஏன் ஒருவரும் பிடுங்கிப் போகவில்லை? புனிதம் என்று சொல்லிவிடலாம். கோணேசருக்கும் அது இருந்ததே! என் கணிப்பு வேறு. கோணேசர் கல் துறைமுகத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரியாய் மலையோ காட்டுக்குள் இருந்தது. பாரம் இழுக்கிற செலவுதான் இந்தத் தூண்களைக் காப்பாற்றியது. இடிபாட்டின் வரலாற்றில் பாதி வண்டிக்கூலியின் வரலாறு.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தால். அது கல்லையும் செங்கல்லையும் பிடித்திருக்கும், தட்டினால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் பழைய வீட்டை இடித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும், பாலை மரமும் முதிரை மரமும் அடுத்த வீட்டுக்கு நிலையாகப் போகும், ஓட்டை எண்ணி விற்பார்கள். மண்சுவரும் கிடுகும் என்றால் கதையே இல்லை, இரண்டு மாரியில் மண் மண்ணோடு போய்விடும். 1985 இல் திரியாய் எரிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, தங்கள் வளவைக் கிணற்றையும் மரத்தையும் வைத்து அடையாளம் கண்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டைக் காடு தின்றுவிட்டது, கிணற்றை அதனால் தின்ன முடியவில்லை.

சீமெந்து அப்படியில்லை. அது பிடித்ததை விடாது. கல் உடையும், சாந்து உடையாது. கொங்கிறீற்றுத் தூணை உடைத்தால் கம்பியை மட்டும் பழைய இரும்புக்காரர் எடுப்பார், மற்றதெல்லாம் குவியல். சீமெந்து வந்த பிறகுதான் நம் ஊர்களில் இடிபாடு என்பது ‘கழிவு’ ஆனது.

அந்தக் கழிவை ஒரே காலையில் மலை மலையாகப் பார்த்தது 2004 டிசம்பர் 26 இல். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டை எனக் கரை முழுவதும் வீடும் பள்ளிவாசலும் பாடசாலையும் கல்லாகக் கிடந்தன. கிண்ணியா ஆஸ்பத்திரி தப்பவில்லை. அப்போது நான் பாடசாலை மாணவன். மையித்துகளைத் தேடி எடுத்து அடக்கும்வரை கல்லைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனமில்லை. பிறகு ‘வேலைக்குப் பணம்’ என்று நிறுவனங்கள் வந்தன. ஊர்ச் சனம் வெறுங்கையால் அள்ளியது. அள்ளியதை எங்கே போடுவது? நாடு முழுவதும் நடந்தது ஒன்றுதான்: தெருவோரம், வாய்க்கால், பள்ளக்காணி, களப்புக் கரை. காலியில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இடிபாட்டை நொறுக்கி மீண்டும் பயன்படுத்தும் திட்டமொன்று நடந்தது. கங்கை மணலுக்கும் சல்லிக்கும் இவ்வளவு அடிபடுகிற நம் மாவட்டத்தில் அந்த யோசனை வேர் பிடிக்கவில்லை.

வெளியுலகில் ஒரு உதாரணம் எனக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் பிரிஸ்டல் நகரை நொறுக்கின. அமெரிக்காவுக்குச் சரக்கில்லாமல் திரும்பும் கப்பல்கள் ஆடாமலிருக்கப் பாரம் வேண்டும். பிரிஸ்டலின் இடிந்த கல்லையே ஏற்றினார்கள். நியூயோர்க்கில் கிழக்கு ஆற்றங்கரை வீதிக்கு அது அடித்தளமாயிற்று. அந்த இடத்துக்கு இன்றும் பிரிஸ்டல் என்றுதான் பெயர். அவர்கள் கல்லுக்கு முகவரி வைத்திருக்கிறார்கள்.

நம் குவியலுக்கு முகவரி இல்லை என்பதை விடப் பெரிய பிரச்சினை, அதற்குள் என்ன இருக்கிறது என்பது. கோணேசர் கல்லால் எவருக்கும் நோய் வந்ததில்லை. நம்முடைய குவியலில் அஸ்பெஸ்டஸ் சீட் இருக்கிறது. அந்தச் சீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நார். கூரையில் சும்மா இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. உடைத்தால், அறுத்தால், டிப்பரில் கொட்டினால் நார் காற்றில் பறக்கும், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நோய் தெரிய 20, 30, 40 வருடம்கூடப் பிடிக்கும். 2004 ஐ அதோடு கூட்டிப் பாருங்கள்.

இலங்கை இதைத் தடைசெய்யத்தான் இருந்தது, 2018 இலிருந்து. 2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்பதும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் நம் தடை தள்ளிப்போயிற்று, தேயிலைக்கும் கதவு திறந்தது. பத்தாம் வகுப்புக்கு ‘சர்வதேச வர்த்தகம்’ படிப்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில் கூரை மாற்றினார்கள். பழைய சீட்டை மேலிருந்தே கீழே எறிந்தார்கள், மைதானத்தின் ஓரத்தில் நொறுங்கிக் கிடந்தது. பிள்ளைகள் துண்டை எடுத்துச் சீமெந்துத் தரையில் கோடு கிழித்து விளையாடினார்கள். நல்ல வெள்ளைக் கோடு விழும். கேட்டபோது, ‘சேர், பின்னேரம் டிப்பர் வரும்’ என்றார் கொந்தராத்துக்காரர். டிப்பர் வந்தது. போன இடம் களப்புக் கரை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சின்ன வகுப்பிலேயே மதரசாவில் படித்தவர்கள் நாம். பாதையிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும்போல.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. சீட்டை உடைக்காமல் ஆணியைக் கழற்றி இறக்கலாம். இறக்குமுன் தண்ணீர் அடித்து நனைத்தால் தூசி அடங்கும். தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, தண்ணீர் நிற்காத இடத்தில் ஆழமாகப் புதைத்து, இடத்தைக் குறித்து வைக்கலாம். கோழிக்கூட்டுக்கும் மலசலகூடத்துக்கும் உடைந்த துண்டைக் கேட்டு வருகிறவருக்குக் கொடுக்காமல் விடலாம். சுத்தமான கல்லையும் கொங்கிறீற்றையும் தனியாகப் பிரித்தால் மழைக்குக் கரைந்த உள்வீதிகளை நிரப்பவே காணாது.

ஒரு உதவி வேண்டும். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரைக்கும், அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூரிலும், சுனாமி இடிபாட்டை எந்தப் பள்ளத்தில், எந்தக் களப்போரத்தில் கொட்டினார்கள் என்று நினைவிருக்கிற பெரியவர்களிடம் கேட்டு, இடத்தின் பெயரோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறேன். அந்தக் காணிகள் பலதில் இப்போது வீடு எழும்பிவிட்டது. அங்கே கிணறு தோண்டப் போகிறவருக்கு, மண்ணுக்குள்ளிருந்து என்ன வரும் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும்.