‘அடிவயிறு’ என்று மொழிபெயர்த்த கதை: ஆணுடலும் எம் தமிழும்

லா சப்பல் மெற்றோவில் இறங்கி, தண்டவாளப் பாலத்தின் கீழாக மேற்கே நடந்தால் லரிபுவாசியேர் ஆஸ்பத்திரியின் பின்மதில் வரும். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனால் ஒரு தெரு. பெயர் அம்புறுவாஸ் பாரே. எம்மவர்கள் கார் து நோருக்கும் கடைத்தெருவுக்குமாக அதைத் தினமும் கடக்கிறார்கள். நானும் பல வருடங்கள் கடந்தேன். பாரே யார் என்று தேடிப்பார்க்க வைத்தது நான் செய்த ஒரு பிழை.

1996இல், வேறோர் இடத்தில், ஒரு வைத்தியரின் அறை. அகதி விண்ணப்பத்துக்கு மருத்துவ அத்தாட்சி எடுக்க வந்த ஒருவருக்கு நான் மொழிபெயர்த்தேன். (பெயரும் ஊரும் இல்லாமல் எழுதச் சம்மதித்திருக்கிறார்.) கொழும்பில் தடுத்து வைத்திருந்தபோது எங்கே அடித்தார்கள் என்று வைத்தியர் கேட்டார். “கீழைதான் அண்ணை, கீழை” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் ‘பா வோந்த்ர்’ என்றேன். அடிவயிறு. வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குறிப்பிடத்தக்க தழும்பு எதுவுமில்லை என்று எழுதினார். அந்தத் தாளுடன் போன விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பிறகு தேநீர்க் கடையில் வைத்து அவர் சொன்னார்: “வயித்திலை ஒருத்தரும் அடிக்கேல்லை. உங்களுக்கு விளங்கினது எண்டு நினைச்சன்.”

எனக்கு விளங்கித்தான் இருந்தது. வெட்கக்கேடு அதுதான். பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும். அதை உச்சரிக்குமுன் தமிழில் ஒருமுறை அவரிடம் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சொல்தான் வாயில் வரவில்லை. தூஷணத்தில் சொற்கள் ஏராளம். சிறுபிள்ளைகளுக்குச் சொல்ல வேறு சில. இரண்டுக்கும் நடுவில், ஒரு வளர்ந்த மனிதன் இன்னொரு வளர்ந்த மனிதனிடம் மரியாதையாகச் சொல்லக்கூடிய சொல்? ‘மர்ம உறுப்பு’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மர்மமாக இருப்பதை எப்படி அத்தாட்சிப்படுத்துவது?

பாரேயிடம் வருகிறேன். 1510 அளவில் பிறந்து 1590இல் இறந்த அவர், முடிதிருத்துவோர் தொழிலிலிருந்து சத்திரவைத்தியரானவர். (எமது ஊர்களிலும் கத்தியும் மருத்துவமும் ஒரே சமூகத்தின் கையில் இருந்தன, அதை மறந்ததில் எமது சாதித் திமிருக்கும் பங்குண்டு.) இலத்தீன் தெரியாததால் அவர் பிரெஞ்சில் எழுதினார். 1575இல் அவருடைய நூல்தொகுப்பு வெளிவந்தபோது பாரிஸ் மருத்துவ பீடம் எதிர்த்தது. கருவுருவாதல் பற்றியெல்லாம் சாதாரண சனங்களின் மொழியில் எழுதுவது ஒழுக்கக்கேடு என்பதும் அந்த எதிர்ப்பில் ஒரு காரணம். அந்தக் காலத்தில் குடலிறக்கத்துக்கு வைத்தியம் என்று ஊரூராய்த் திரிந்தவர்கள் விதையையும் சேர்த்து அறுத்துவந்தார்கள். பாரே அதைக் கண்டித்து, விதையைக் காப்பாற்றும் முறையை விளக்கினார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1677இல், டெல்ஃப்ற் நகரத்துப் புடைவை வியாபாரி லேவன்ஹூக் தன்னுடைய விந்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். வாலுடன் நீந்தும் உயிரணுக்களைக் கண்டு லண்டன் றோயல் சொசைட்டிக்கு எழுதினார். அருவருப்பாகத் தோன்றினால் அச்சிட வேண்டாம் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது. அச்சில் வந்தது இலத்தீனில். ஆக, இந்த வெட்கம் எமது தனிச்சொத்து அல்ல.

எமக்கும் ஒரு பாரே இருந்தார், அமெரிக்காவிலிருந்து வந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். அறுபதுகளில் இரண்டாம் முறை வந்தபோது கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரண வைத்தியம் 1867, மனுஷ அங்காதிபாதம் 1872, மனுஷ சுகரணம் 1883. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சுகரணம் என்றால் உடற்றொழில். டான்வோத், சப்மன் போன்ற அமெரிக்கப் பெயர் தாங்கிய யாழ்ப்பாணத்து மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். அம்பி எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ இந்தக் கதையை 1967இலேயே சொல்லிவிட்டது.

கிறீனின் நோக்கம் மதமாற்றமே. அவரும் அதை மறைத்ததில்லை. அதற்காக அந்தப் பக்கங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆணுடலை விட்டுவிட்டு அங்காதிபாதம் எழுத முடியாது. சொல் தேடியே ஆகவேண்டும். வழங்கும் தமிழ்ச் சொல் உண்டா, இல்லையெனில் வடசொல், அதுவும் இல்லையெனில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில். இதுவே அவருடைய ஒழுங்கு. அதில் வெட்கத்துக்கென்று தனி விதி கிடையாது.

இது ஏன் நின்றுபோனது? 1870இல் கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவக் கல்வி தொடங்கியது. ஆங்கிலம் படித்தவனுக்கு உத்தியோகமும் சீதனமும் கிடைத்தன. 1873இல் கிறீன் ஊரைவிட்டுப் போனார், 1884இல் இறந்தார். பின்னாளில் சுயமொழிக் கல்வி வந்தபோது விதைமேற்றிணிவு, அப்பாற்செலுத்தி என்று அழகான சொற்கள் பாடப்புத்தகத்தில் இருந்தன. எமது வாத்தியார் அந்த அத்தியாயத்தை “வீட்டிலை வாசியுங்கோ” என்று தாண்டிப்போனார். சொல் இல்லாமல் இல்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லித் தரவில்லை.

அந்த அத்தியாயத்தில் இருந்தது பயங்கரமான விடயம் ஒன்றுமல்ல. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தை விட இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்கவேண்டும். ஆகவே விதைகள் வயிற்றுக்கு வெளியே தொங்குகின்றன. அணு ஒன்று உருவாக ஏறக்குறைய 70 நாட்கள். பிறகு விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விதைமேற்றிணிவில், விரித்தால் ஆறு மீற்றர் வரும் ஒரே குழாயில், முதிர்கிறது. அங்கிருந்து அப்பாற்செலுத்தி வழியாக மேலேறுகிறது. வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி சுக்கிலப் புடகங்களிலும் முன்னிற்குஞ் சுரப்பியிலும் சுரப்பது. விதையிலிருந்து வருவது மிகச் சிறு பங்கு. விதையின் மற்ற வேலை ரெஸ்ரொஸ்ரெரோனை இரத்தத்தில் விடுவது. விறைப்பு என்பது குறியின் கடற்பஞ்சு போன்ற திசுவில் இரத்தம் நிறைவதால் உண்டாவது. ஒரு விதை பழுதானாலும், மற்றது சுகமாக இருந்தால் இரண்டு வேலைக்கும் பொதுவாக அது போதும்.

கடைசி வாக்கியத்தை யாராவது எமது ஆளுக்கு முன்பே சொல்லியிருந்தால்! தான் இனி ஆண் இல்லை என்றே அவர் நம்பியிருந்தார். எமது மரபு வைத்தியத்தில் சாரம் தொடங்கி சுக்கிலம் ஈறாக ஏழு தாதுக்கள். சுக்கிலமே முடிவான சாறு. அது ஒரு முழுமையான சிந்தனை முறை, கேலிக்குரியதல்ல. ஆனால் அது விளம்பரக்காரர் கையில் ‘ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தம்’ என்ற பயமுறுத்தலாகத் தேய்ந்தது. லேகிய விளம்பரத்தைக் கண்டு சிரிக்கும் பிரெஞ்சு நண்பர்களுக்கு நான் நினைவூட்டுவது: மொரீசியசில் பிறந்து கொலேஜ் து பிரான்சில் பேராசிரியராக இருந்த பிறவுன்-செக்கார் 1889இல், 72 வயதில், நாயினதும் கினிப்பன்றியினதும் விதைச் சாற்றைத் தனக்கே ஏற்றி, இளமை திரும்பியதாக இதே பாரிசில் அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யக்கூடிய அளவு ஹோமோன் இருந்திருக்க முடியாது என்று இன்று தெரியும்.

அவருடைய மௌனம் ஒருவருடையதல்ல. லண்டனில் சித்திரவதைக்குள்ளானோருக்கான மருத்துவ நிலையமொன்றுக்கு 1997, 1998இல் அனுப்பப்பட்ட 184 தமிழ் ஆண்களில் 38 பேர், அதாவது 21 வீதம், தடுப்புக்காவலில் பாலியல் வதைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். மைக்கேல் பீலும் சகாக்களும் இதை 2000ஆம் ஆண்டு ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார்கள். 38 என்பது சொன்னவர்களின் தொகை. ‘கீழை’ என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தவர்கள் எந்தக் கணக்கில்? எமது அரசியல் மேடைகளில் ஆணுடல் வீரத்தின் உடல்; வதைபட்டாலும் முதுகில் தழும்பு, காலில் சூடு. பாலியல் வதை என்றால் பெண்கள் என்று ஒதுக்கிவிட்டோம். பெண்கள் பேச வந்தபோது அவர்களுக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம் என்பது வேறு கதை.

இலத்தீனில் ‘தெஸ்திஸ்’ என்ற ஒரே சொல் சாட்சியையும் விதையையும் குறிக்கும். ரோமர்கள் அங்கே கைவைத்துச் சத்தியம் செய்தார்கள் என்று கதை விடுவார்கள், ஆதாரமில்லை. ஆனால் இரண்டாம் முறை, வேறொரு வைத்தியரிடம், அந்த மனிதருடன் போனபோது எனக்கு அந்தச் சொல் நினைவில் இருந்தது. போகுமுன் ஒரு தாளில் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்தேன்: ஆண்குறி, விதை, விதைப்பை, விந்து, மலவாசல். அவர் வாசித்தார். “விதை எண்டால் மாட்டுக்குச் சொல்லுறது” என்றார். நாம்பனுக்கு நலமடிக்கிற ஊர்க்காரருக்கு அப்படித்தான் படும். “மனிசனுக்கும் அதுதான்” என்றேன். உள்ளே போனதும் அவரே அந்தச் சொல்லைச் சொன்னார், மெதுவாக. நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். வழக்கின் முடிவை எழுத அவர் அனுமதிக்கவில்லை.

அந்தத் தாள் இப்போது இருபத்துமூன்று சொற்களாக வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சொற்கள். மட்டக்களப்பு, மன்னார், மலையகம், முஸ்லிம் ஊர்களில் வழங்குபவை எனக்குத் தெரியாது. தூஷணம் என்று தயங்காமல் வாசகர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பிரெஞ்சுடன் சேர்த்து அச்சிட ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.