மனு எழுதிய கை

தலித் உரைநடை எப்போது தொடங்கியது என்று கேட்டால் இலக்கியக்காரர்கள் 1992ஐச் சொல்வார்கள். பாமாவின் 'கருக்கு' வந்த வருசம். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்தப் புத்தகத்தின் பெருமை வேறு, தொடக்கம் வேறு. நம்ம சனங்களின் உரைநடை அதற்கு நூறு வருசம் முன்னாலேயே இருக்கிறது. அது கதையாகவோ கவிதையாகவோ இல்லாமல் மனுவாக, மகஜராக, பத்திரிகைக் குறிப்பாக இருந்தது. அதனால் தமிழ்த்துறைகள் அதை எழுத்தென்றே எண்ணவில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். சங்க இலக்கியம் முதல் புதுக்கவிதை வரை தாள் தாளாக எழுதித் தேறினோம். ஒரு மனுவை எப்படி எழுதுவது என்று ஒரு வகுப்பிலும் பேச்சு வரல.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லால் ஊர் நம்மை அடித்ததோ அதையே முகப்பில் அச்சடித்தார். அந்தக் காலத்தில்தான் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே நடத்தினால் பதவி முழுக்கச் சாதி இந்துக்கள் கைக்குப் போகும், அவர்களிடமே நாம் நியாயம் கேட்டு நிற்க வேண்டிவரும் என்று சீனிவாசன் மறுப்பு மனு தயாரித்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். 3,412 பேர் கையெழுத்து. நீளம் 112 அடி. தேசபக்திக் கண்ணாடி போட்டவர்கள் இதை வெள்ளைக்காரனுக்குச் சாமரம் வீசியதாகச் சொல்வார்கள். சொல்லிட்டுப் போகட்டும். 3,412 பேர் தங்கள் பெயரை வெளிச்சத்தில் வைத்து ஒரு வாதத்துக்கு அடியில் நின்றார்கள் என்பதை எந்த இலக்கிய வரலாறு எழுதியிருக்கிறது?

பண்டிதர் அயோத்திதாசர் அந்தச் சொல்லையே ஏற்கவில்லை. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். விலையே பெயரில் இருந்தது. அடுத்த வருசம் 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914இல் அவர் சாகும்வரை அவரே நடத்தினார். உள்ளதைச் சொல்லணும்: அவர் வாக்கியம் நீளம், படித்தால் மூச்சு வாங்கும். ஆனால் எதிராளி சொல்வதை முதலில் முன்னால் நிறுத்தி, அதன் சொல்லைப் பிடித்தே கேள்வி கேட்பார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் சூட்டியது, சூட்டியதால் யாருக்கு லாபம்? இருவருக்குள்ளும் முரண்பாடு இருந்தது. ஒருவர் வசவை எடுத்து முகப்பில் வைத்தார், மற்றவர் அதைத் தூக்கி எறிந்தார். எழுத உட்காரும் நம் ஒவ்வொருவருக்கும் அந்தச் சண்டை இன்றும் மிச்சமிருக்கிறது.

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பாருங்கள். 'சமத்துவம் வேண்டும்' என்று அவர் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. பொதுச்சாலை, தெரு, பாதை, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொது இடம் என்று பேர் சொல்லி, இவற்றில் எவரும் போகலாம், புழங்கலாம் என்று கேட்டார். சமத்துவம் என்றால் எல்லாரும் தலையாட்டுவான். கிணறு என்றால்தான் பதில் சொல்லியாகணும். அது அரசாணையும் ஆனது. கிணறுகள் உடனே திறந்துவிடவில்லைதான். ஆனால் மறித்தவனிடம் நீட்டிக் காட்ட ஒரு காகிதம் இருந்தது.

இதையெல்லாம் நான் ஜெயமங்கலத்தில் உட்கார்ந்துதான் நினைத்துப் பார்க்கிறேன். பொழுது சாய்ந்து, வயல் வேலைக்குப் போனவர்கள் திரும்பியபிறகு சிலர் வருவார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதணும். பிள்ளைகளையே எழுதச் சொல்வேன். 'எங்கள் பகுதியில் குடிநீர்ப் பிரச்சினை நிலவி வருகிறது' என்று எழுதுவார்கள். நிலவுவதற்கு அது என்ன மார்கழிப் பனியா? எத்தனை வீடு, எத்தனை குழாய், எந்தத் தேதியிலிருந்து தண்ணி வரல, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் எல்லாம் அவர்கள் வாயிலேயே இருக்கும். காகிதத்தில்தான் இருக்காது. 'தாழ்மையுடன்' என்பதையும் அடிக்கச் சொல்வேன். 'கேட்டுக்கொள்கிறேன்' போதும்.

குடிதண்ணீர் மனு எழுதுவது சுலபம். வன்கொடுமைப் புகார்தான் கை நடுங்க வைக்கும். வயசான ஒரு அம்மா, தன்னைத் திட்டிய சொல்லை எழுதச் சொன்னபோது கேட்டார்: "அந்த வார்த்தையக் காயிதத்துல வேற எழுதணுமா தாயி? எம் பேரன் படிப்பானே." என்ன பதில் சொல்ல? 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கணும். 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில், சாதிப்பெயர் சொல்லித் திட்டுவது தனிக்குற்றமாகச் சேர்ந்தது. அந்த நிபந்தனை மட்டும் அங்கேயும் உண்டு. 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில், வாசல் கேட்டருகே காரோடு நின்றவரைத் திட்டியதை உச்சநீதிமன்றம் பொதுப்பார்வை என்றே எடுத்துக்கொண்டது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் பார்க்காத இடத்தில் நடந்தது அதில் வராது என்றது. ஆக, 'வீட்டில் வைத்து' என்பதற்கும் 'வாசலில் நின்று, தெருவில் போனவர்கள் பார்க்க' என்பதற்கும் நடுவில் ஒரு வழக்கே கிடக்கிறது. வாசலில் நடந்ததை வீட்டில் நடந்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு நீதி கிடைக்கலன்னு புலம்பி என்ன செய்ய? அந்தச் சொல்லை அம்மாவே சொல்லி, நான் எழுதினேன்.

வினைச்சொல்லும் இப்படித்தான். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. '44 பேர் தீயில் கருகி மாண்டனர்' என்று எழுதலாம். இலக்கணப்பிழை இல்லை. எரித்தவனும் இல்லை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தபோது எரித்தவன் தீர்ப்பிலும் இல்லாமல் போனான். 1999 ஜூலை 23, தாமிரபரணி. '17 பேர் ஆற்றில் மூழ்கினர்' என்றால் அவர்கள் குளிக்கப் போனவர்களாகிவிடுவார்கள். போலீஸ் தடியால் அடித்து விரட்டியது, ஆற்றுக்குள் ஓடினார்கள். அந்த எழுவாயை வைத்தால்தான் வாக்கியம் உண்மையாகிறது. 'இரு பிரிவினரிடையே மோதல்' என்ற செய்தித்தாள் தமிழும் இதே சாதிதான். 1989 செப்டம்பர் போடிக் கலவரத்தைப் பற்றி எங்க பக்கத்துப் பெரியவர்கள் பேசினால் யார் வீடு, எந்தத் தெரு, எத்தனை மணி என்றுதான் தொடங்குவார்கள். 'இரு பிரிவு' என்று ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோபம் எங்கே போகும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதி வைத்த சிறு நூல் அவர் மறைவுக்குப் பிறகு, 1990இல் அச்சானது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அதன் பெயரைச் சொல்லலாம். 1901இல் சிறுவனாக அவர் தன் அண்ணனோடும் அக்கா மகன்களோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். கோரேகாவுக்குப் போக வண்டி இல்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் சம்மதிக்கிறான்: பிள்ளைகளே மாட்டை ஓட்டணும், அவன் பக்கத்தில் நடந்து வருவான், கூலி இரட்டிப்பு. இரவெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. கொண்டுபோன சோறு இருந்தும் சாப்பிட முடியாமல் பட்டினியாகப் படுத்தார்கள். ஐயோ, அநியாயம் என்று அந்தப் பக்கங்களில் அவர் நின்று கூவுவதில்லை. நிலையத்தின் பெயர், வருசம், கூலி, தண்ணீர்.