சிமென்ட் தன் பெயரை இழந்த இரவு!

சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் கீரப்பாளையத்தில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் சாமான் வாங்கி, பில்லை உற்றுப் பார்க்கிறார். சிமென்ட்டுக்குப் பக்கத்தில் 2523 என்று ஓர் எண். சுவருக்குப் பார்க்கும் பட்டிக்கு 3214. பின்கட்டுக்கு வாங்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு 6811. மூன்றிலும் சிமென்ட் இருக்கலாம். அப்புறம் எதற்கு மூன்று எண்?

இவை கடைக்காரர் போட்ட எண்கள் இல்லை. துறைமுகத்தில் பிறந்தவை! உலகத்தில் விற்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி எண் கொடுக்கும் ஏற்பாடு 1988 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் சிமென்ட் 2523தான். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். 25-வது அத்தியாயத்தில் உப்பு, கந்தகம், மண், கல், சுண்ணாம்பு, சிமென்ட் எல்லாம் ஒரே குடும்பமாகக் குடியிருக்கின்றன. காந்தி கையில் அள்ளிய உப்புக்கு எண் 2501!

வேடிக்கை இதற்கு மேல்தான். சிமென்ட்டில் ஜல்லியும் தண்ணீரும் சேர்த்துக் குழாயாக வார்த்துவிட்டால், அது 6810-க்குக் குடிபெயர்ந்துவிடும். ஒரு காலத்தில் வீராணம் திட்டத்துக்காகச் செய்து சாலையோரம் கிடந்த ராட்சதக் குழாய்களை நினைவிருக்கிறதா? இன்றைய கணக்கில் அவை இந்த வகைதான். உலை சூட்டைத் தாங்கும் சிமென்ட் 3816. பல் டாக்டர் பல்லை அடைக்கிற சிமென்ட்? அது மருந்து அத்தியாயத்தில், 3006! மூட்டையில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பது முக்கியமில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்றுதான் அதிகாரி பார்க்க வேண்டும்.

'எந்த எண்ணாக இருந்தால் எனக்கென்ன?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2018 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் வரை சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதம், பட்டிக்கு 18. ஒரு வெள்ளைப் பொடியை சிமென்ட் என்பதா, பட்டி என்பதா? பதிலில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் இருந்தது! (2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டும் 18-க்கு இறங்கிவிட்டது.)

சரி, துறைமுகத்துக்கே வருவோம். 1904-ல் சென்னையில் கடல் சிப்பியிலிருந்து சிமென்ட் செய்து பார்த்தார்கள். நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத் போர்பந்தரில்தான் இந்தியச் சிமென்ட் நிலைகொண்டது. அதுவரை கப்பலில் வந்ததுதான் கதி. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆலைகள் மளமளவென்று முளைத்து, ஒன்றோடொன்று போட்டி போட்டு, விலை விழுந்தது. 1925-ல் விசாரித்த சுங்கவரி வாரியம், 'உங்கள் கஷ்டத்துக்கு வெளிநாட்டான் காரணமில்லை, நீங்களே காரணம்' என்கிற ரீதியில் சொல்லிவிட்டது! 1936-ல் பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஏ.சி.சி. ஆயின. சுதந்திரத்துக்குப் பிறகோ தட்டுப்பாடு. பெர்மிட் இருந்தால்தான் மூட்டை. 1982-ல் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்து, 1989-ல்தான் முழுசாக நீங்கியது.

2007-ல் விலை எகிறியபோது, மத்திய அரசு 2523-ல் இருந்த சாதாரணச் சிமென்ட்டுக்கு இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்கியது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பாகிஸ்தான் சிமென்ட் வரத் தொடங்கியது. அதற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

2019 பிப்ரவரி 14. புல்வாமா தாக்குதல். இரண்டு நாள் கழித்து, 16-ம் தேதி, 9806 என்று ஒரு புது எண் பிறந்தது. அதற்கு அர்த்தம், 'பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருளும்'. வரி 200 சதவிகிதம்! பேரீச்சையாக இருந்தாலும் சரி, சிமென்ட்டாக இருந்தாலும் சரி, அன்று இரவோடு அதன் பெயர் போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. எங்கிருந்து வந்தது என்பது மட்டும்தான். பத்தாயிரம் ரூபாய் சரக்குக்கு இருபதாயிரம் ரூபாய் வரி.

ஆனால், அன்று பகலிலேயே அட்டாரி எல்லைக்குச் சரக்கு வந்து, இறக்குமதியாளர்கள் கணினியில் கணக்கும் தாக்கல் செய்துவிட்டார்கள். அரசிதழில் அறிவிப்பு வெளியானதோ இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. 'சட்டக் கணக்கில் ஒரு நாள் நள்ளிரவிலேயே தொடங்கிவிடும், ஆகவே அன்று வந்த அத்தனைக்கும் புது வரி' என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டம்பர் 23-ல் நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள்: விநாடிக்கும் மதிப்பு உண்டு, அறிவிப்புக்கு முன்பே கணக்குத் தாக்கல் செய்தவருக்குப் பழைய வரிதான்.

அரசுக்குக் கோபம் வரலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால், காலையில் ஒரு கணக்குச் சொல்லிவிட்டு, ராத்திரி திரும்பி வந்து வேறு கணக்குச் சொல்ல முடியாது. எண்ணை எழுதி வைப்பதே அதற்காகத்தானே? கீரப்பாளையத்துக்காரரின் பில்லில் இருக்கும் அந்த 2523, அவரிடமிருந்து வரி வாங்குகிற எண் மட்டுமில்லை. 'இதற்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டோம்' என்று அரசு அவருக்குத் தந்திருக்கும் வாக்குறுதியும்கூட.

அடுத்த முறை பில்லைக் கசக்கி எறியுமுன், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!