இரண்டு இலக்கச் சிக்கனம்



நம் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லாரி டிரைவர்களில் சிலர், டீசல் மிச்சமாகட்டுமே என்று வண்டியை நியூட்ரலில் விடுவதுண்டு. மிச்சமாவது கொஞ்சம் டீசல்தான். பிரேக் பிடிக்காவிட்டால் அடிபடுவதோ, ஒரு தப்பும் செய்யாமல் முன்னால் போகிறவன். கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படியொரு சிக்கனம் நடந்தது.

1960களில் ஒரு பஞ்ச் கார்டில் 80 எழுத்துதான் கொள்ளும். நினைவகமோ யானை விலை. ஆகவே 1965 என்பதை வெறும் 65 என்று எழுதினார்கள். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நினைவகத்தின் விலை இறங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. 1980களிலும் அப்படியே எழுதினார்கள். 99-க்கு அடுத்து 00 வந்தால் அது 1900-ஆ, 2000-ஆ? 65-இல் பிறந்தவருக்கு வயது மைனஸ் 65 என்றல்லவா கணக்கு வரும்!

இதைச் சரிசெய்யும் வேலையில் ஒரு பகுதி 1990களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. நம் பிள்ளைகள் பலர் கோபால் படித்தார்கள். (பக்கத்து வீட்டு கோபால் அல்ல, 1960 வாக்கில் வந்த கணினி மொழி!) இரண்டு இலக்கத்தை நான்காக்குவது சுலபம். அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போயிற்று. தேதிக்குப் பெயர் ஏ1, எக்ஸ் என்றிருக்கும். ஒரே கணக்கைப் பத்து இடத்தில் காப்பி அடித்திருப்பார்கள். விளக்கக் குறிப்பு மருந்துக்கும் இருக்காது. கோ-டூ போட்டு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தாவும். கோ-டூ கூடாது என்று டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-லேயே எழுதிவிட்டார். கேட்டவர் எத்தனை பேர்?

2000 ஜனவரி 1 பெரிய விபத்தின்றி விடிந்தது. "எல்லாம் சும்மா புரளிப்பா" என்றார்கள் சிலர். புரளியல்ல, ஆயிரக்கணக்கானோர் ராத்திரி பகலாக உட்கார்ந்து, யாரோ எழுதிய நிரலை வரி வரியாகப் படித்ததன் பலன் அது.

கதை முடியவில்லை. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி, அதை 32 பிட்டில் வைக்கும் பழைய நிரல்கள் இன்னும் உண்டு. 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8.44-க்கு, அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும்.

மாணவச் செல்வங்களே, அன்றைக்கு வேலையில் இருக்கப் போவது நீங்கள்தான். உங்களுக்குப் பின்னால் ஒருவன் வந்து படிப்பான் என்று எண்ணி, இன்றே பெயரைப் புரியும்படி வையுங்கள். ஏன் இப்படிச் செய்தோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.