எழுவான்கரையின் தரைக்கீழ்நீரும் அதனை அளந்தோரும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் நீர் வரலாறு பற்றிப் பேசப்படும்போதெல்லாம் குளமும் வயலும் முன்னிற்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் வாழ்ந்த மக்கள் குடித்த கிணற்றுநீர் அவ்வளவு கவனத்தைப் பெற்றதில்லை. இது தற்செயலாக நேர்ந்ததன்று. எந்த நீர் அளக்கப்பட்டது, எந்த நீர் அளக்கப்படாது விடப்பட்டது என்ற வினாவுக்கு விடை தேடின், ஆள்வோரின் தேவைக்கும் மக்களின் தேவைக்கும் இடையிலிருந்த தூரம் புலனாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி இப்பிரதேசத்தைப் படுவான்கரை, எழுவான்கரை என இருகூறாக்குகின்றது. கிழக்கேயுள்ள எழுவான்கரை ஒடுங்கிய மணற்பட்டியாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீர் வாவி. இவற்றிடையே நன்னீர் கிடைப்பதற்குக் காரணம் வடகீழ்ப் பருவக்காற்றுக் கால மழையே. மணலூடாக இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மீது வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தரான பாடன் கைபன் 1888-89 காலப்பகுதியிலும், ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901இலும் இத்தோற்றப்பாட்டைத் தனித்தனியே விளக்கினர். அவர்களது கணிப்பின்படி, கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் உவர்நீரின் எல்லை நாற்பதடி மேலெழ முற்படும். எழுவான்கரையில் மணலின் கீழே வன்பாறை இருப்பதால் இக்கணக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் அது தரும் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: மேலே நிகழும் சிறு இழப்பு கீழே பெரும் இழப்பாகின்றது.

இவ்வுண்மையை மக்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். மணலைத் தோண்டி ஊறும் நீரை அள்ளிய பூவல், ஆழம் குறைந்த கிணறு, நீரை மெல்ல இறைத்த துலா என்பன நன்னீரின் மேற்பகுதியை மாத்திரமே எடுத்தன. எந்தக் கிணறு குடிக்க உகந்தது, எது கோடையில் உவர்க்கும் என்பதை நாள்தோறும் நீர் அள்ளிய பெண்கள் நாவினால் அறிந்தனர். இவ்வறிவு பெறுமதி வாய்ந்தது. ஆனால், ஆண்டுக்காண்டு சிறிதுசிறிதாக ஏறும் உவர்ப்புக்கு நாவும் பழகிவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

காலனித்துவ அரசு நீரை அளக்காமலிருக்கவில்லை. தேசாதிபதி ஹென்றி வார்டின் காலத்தில், 1856இல், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அப்போது மட்டக்களப்புக்கு உட்பட்டிருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. நெல்லின் மீதான தானியவரி 1892 வரை நீடித்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. வயலுக்குப் பாய்ந்த நீர் அரசிறையோடு தொடர்புற்றிருந்தமையால் அது கணக்கில் ஏறியது. குடத்தில் ஏறிய நீர் எவருக்கும் வருவாய் தரவில்லை. எனவே அது ஏட்டில் ஏறவில்லை.

சுதந்திரத்தின் பின் இந்நிலை ஓரளவு மாறிற்று. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தினால் நீர்வளச் சபையும், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் அமைந்தன. கரையோர மணற்படுகைகளை இலங்கையின் முதன்மையான தரைக்கீழ்நீர்ப் படுகை வகைகளுள் ஒன்றாகப் பானபொக்கே போன்ற அறிஞர்கள் வகுத்துக் காட்டினர். எனினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போர், இப்பிரதேசத்தில் இடையறாத களவேலைக்கு இடந்தரவில்லை.

இந்நிலையிலேயே 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கடல்நீர் கிணறுகளை நிரப்பியதோடு மணலூடாகவும் கீழிறங்கியது. உதவ வந்தோர் நல்லெண்ணத்தோடு கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். ஆனால் அளவுமீறிய இறைப்பு, கீழிருந்த உவர்நீரையே மேலே இழுத்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர் கல்லடி, களுதாவளை முதலிய இடங்களிலுள்ள கிணறுகளைத் தொடர்ந்து அளந்து, கடல்நீர் எட்டாத கிணறுகளோடு ஒப்பிட்டனர். நீரை மீட்டதில் பெரும்பங்கு இறைப்புக்கன்று, அடுத்துவந்த மாரிமழைக்கே என்பது அவ்வளவீடுகளால் தெளிவாயிற்று. அளவை அறியாத நற்செயல் தீங்காக முடியலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அத்தகைய அளவீடு எவ்வாறு உருவாகின்றது? தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் குறித்த கிணறுகளுக்குக் குறித்த கால இடைவெளியில் செல்கிறார். கிணற்றுக்கட்டில் குறியிட்ட ஒரே புள்ளியிலிருந்து நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளக்கிறார். மின்கடத்துதிறன்மானியை நியமக் கரைசலில் சரிபார்த்து, நீரின் மேற்பகுதியிலும் அடியிலும் உவர்ப்பைப் பதிகிறார். கடைசியாக எப்போது இறைக்கப்பட்டது என்பதை வீட்டாரிடம் கேட்டுக் குறிக்கிறார். வீட்டார் கட்டை அரையடி உயர்த்தியதை அவர் கவனியாது விட்டால், நீர்மட்டம் அரையடி தாழ்ந்ததாக ஏடு பொய்யுரைக்கும். 1983இல் வெளியான இலங்கைத் தரநிர்ணயம் குடிநீருக்கு விரும்பத்தக்கதெனக் கொண்ட மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 750 மைக்றோ சீமென்ஸ். கடல்நீருடையதோ ஏறத்தாழ 50,000. நூறு பங்கு நன்னீரில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே அவ்வெல்லை தாண்டப்படும். உத்தியோகத்தரின் சலியாத உழைப்பின் பெறுமதியை இவ்வெண்கள் உணர்த்தும். எனினும் ஆய்வறிக்கைகளின் முகப்பில் அவரது பெயர் இடம்பெறுவது அரிது.

உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வந்துள்ளமையால் கிணறுகளின் காலம் முடிந்துவிட்டதெனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. தோட்டங்கள் இன்றும் கிணற்றுநீரால் விளைகின்றன. பசளையின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே மணலூடாகவே இறங்குகின்றன. குடிப்பதை நிறுத்தியதும் நாவின் காவலும் நீங்கிவிடுகிறது. அப்போது எஞ்சுவது கருவியின் காவல் ஒன்றே.

எனவே நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே. அனர்த்தம் நேரும்போது மாத்திரம் அளந்து, நிதி முடிந்ததும் நிறுத்தும் முறை ஒழிதல் வேண்டும். அளவீடுகள் இடையறாது தொடர்ந்து, கிணற்றுக்குரிய மக்களுக்கு அவர்களது மொழியிலேயே கிட்டுதல் வேண்டும். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் நிறைவு பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பணிக்கு இயல்பான களமாகும். வரிக்காக வயல்நீரை அளந்த காலம் போயிற்று. உயிருக்காகக் கிணற்றுநீரை அளக்கும் காலம் முழுமையாக வந்துவிடவில்லை.